குட்டை மீனைக் கரியில் சுட்டால் விருந்தாளி சாப்பிடுவாரா?

“வத்தலக்குண்டு பக்கம் எங்களுக்குத் தென்னந்தோப்பும், 20 சென்ட்டில் பண்ணைக்குட்டையும் இருக்கின்றன. கட்லா, ரோகு, புல்கெண்டை விட்டிருக்கிறோம். வியாபாரி மொத்தமாக வலை போட்டு, அவர் சொல்லும் விலைக்கு எடுத்துப் போகிறார். கொடைக்கானல் போகும் வண்டிகள் தோப்பை ஒட்டித்தான் போகின்றன. சனி, ஞாயிறுகளில் தோப்பிலேயே மீன் சுட்டுக் கொடுக்கலாம் என்கிறான் மகன். ‘வருகிறவர்கள் கிரில் சால்மன்தான் கேட்பார்கள், குட்டை மீனை யார் தொடுவார்கள்? சென்னையிலிருந்து சால்மன் வரவழையுங்கள்’ என்கிறார் மருமகன். ஒருமுறை வீட்டில் கட்லாவைச் சுட்டுப் பார்த்தோம். பாதி கம்பியில் ஒட்டிக்கொண்டது. மீதியில் சேற்று வாடை. சால்மனை நாங்களே வளர்க்க முடியுமா? இல்லை, இந்த யோசனையையே விட்டுவிடலாமா?”

- திண்டுக்கல் மாவட்ட வாசகர்

வளர்ப்பு பற்றிய கேள்விக்குப் பதில் சுருக்கமானது. வத்தலக்குண்டில் சால்மன் வளராது. அது குளிர்ந்த நீர் மீன். 10 முதல் 14 டிகிரி செல்சியஸ் வரையுள்ள தண்ணீரில்தான் நன்றாக எடை போடும். நம் குட்டைத் தண்ணீர் மார்கழிக் குளிரில்கூட அந்த அளவுக்கு இறங்காது. தமிழ்நாட்டில் சால்மன் குடும்பத்தைச் சேர்ந்த மீன் என்றால் அது ட்ரவுட். வெள்ளைக்காரர்கள் நீலகிரிக்குக் கொண்டுவந்த மீன் அது. அவலாஞ்சியில் அதற்கான குஞ்சுப் பொரிப்பகம் உண்டு. அதுவும் மலை ஓடையின் குளிர் இருப்பதால்தான் அங்கே தங்கியது.

சரி, வரவழைத்து விற்கலாமா? இந்திய நகரங்களில் ஆரஞ்சு நிறத் துண்டாக விற்கப்படும் சால்மனில் பெரும்பகுதி நார்வே போன்ற நாடுகளின் கடல் கூண்டுகளில் வளர்த்த மீன்தான். விமானத்தில் வந்து, குளிர்பெட்டியில் கைமாறி, கிலோ ஆயிரக்கணக்கான ரூபாய்க்கு விற்பனையாகிறது. வார இறுதியில் எத்தனை பேர் வருவார்கள் என்று தெரியாத தோப்புக் கடையில் அதை வாங்கி வைத்தால், விற்காமல் மீதியாகும் ஒவ்வொரு துண்டும் நஷ்டம். ஒரே ஒரு மழை நாள் அந்த மாத லாபத்தைக் கொண்டுபோய்விடும். மருமகனின் யோசனையில் தப்பு இருப்பது இங்கேதான். வருகிறவர்கள் ருசியான சுட்ட மீனைக் கேட்பார்கள் என்று அவர் சொல்வது மட்டும் சரி.

யோசனையை விட வேண்டாம். ஆனால், சால்மன் பண்ணைக்காரர்களிடம் கற்றுக்கொள்ள வேண்டிய பாடம் ஒன்று இருக்கிறது. நார்வேயில் பிடித்த மீன், பல நாள் கழித்து சென்னையில் சமைக்கும்போதும் சதை கட்டியாக, வாடையில்லாமல் இருக்கிறது. அதற்கு மீனின் சாதி பாதிக் காரணம்தான். மீதிக் காரணம், பிடித்த முதல் ஒரு மணி நேரத்தில் அங்கே செய்யும் வேலை. பிடிப்பதற்குச் சில நாள் முன்பே தீவனத்தை நிறுத்தி, குடலைக் காலியாக்கிவிடுகிறார்கள். மீனைத் துடிக்கவிடாமல், தலையில் தட்டியோ மின் அதிர்ச்சி கொடுத்தோ உணர்விழக்கச் செய்கிறார்கள். உடனே செவுளை வெட்டிக் குளிர்ந்த நீரில் ரத்தத்தை வடியவிடுகிறார்கள். குடல் எடுத்து, ஐஸ் போட்டுப் பெட்டியில் அடைக்கிறார்கள். இதில் நம் தோப்பில் செய்ய முடியாத வேலை ஒன்றுகூட இல்லை.

நம் ஊரில் நடப்பதை யோசித்துப் பார்க்கலாம். வயிறு நிறையத் தீவனம் தின்ற மீனை, வெயில் ஏறிய பிறகு வலை போட்டு இழுக்கிறோம். கரையில் குவித்து, துள்ளித் துள்ளிச் சாகவிடுகிறோம். அப்படித் துள்ளும்போது மீன் தன் சதையிலிருக்கும் சக்தியை எல்லாம் செலவழித்துவிடுகிறது. சீக்கிரம் விறைத்து, சீக்கிரம் தளர்ந்து, சதை கொழகொழத்துப் போகிறது. பிறகு ஒரு சாக்கை நனைத்து மேலே போட்டு, எடை போடும்வரை நிழல்கூட இல்லாமல் கிடக்கிறது. அந்த மீனைத்தான், குட்டை மீன் ருசிக்காது என்று பழிக்கிறோம்.

சேற்று வாடை எங்கிருந்து வருகிறது?

வாசகர் வீட்டுக் கட்லாவில் இருந்த வாடை சேற்றைத் தின்றதால் வந்தது என்று பலரும் நினைக்கிறார்கள். அது பெரும்பாலும் நீலப்பச்சைப்பாசியும் சில நுண்ணுயிரிகளும் தண்ணீரில் விடும் ஜியோஸ்மின் போன்ற பொருள்களால் வருவது. முதல் மழை விழுந்ததும் மண்ணிலிருந்து எழும் வாசனைக்கும் இதே ஜியோஸ்மின்தான் காரணம். மண்ணில் மணக்கிற அதே பொருள் மீனில் இருந்தால் முகம் சுளிக்கிறோம். செவுள் வழியாக உள்ளே போய், மீனின் கொழுப்பிலும் தோலை ஒட்டிய சதையிலும் அது தங்கிவிடுகிறது. சாணமும் தீவனமும் அளவு மீறிப் போன குட்டையில், கோடையில் தண்ணீர்மேல் பச்சை ஆடை படியும் நாள்களில் வாடை அதிகம்.

குழம்பு வைக்கும்போது இது பெரிதாகத் தெரிவதில்லை. புளி அந்த வாடையைக் குறைத்துவிடும். கிராமத்தில் ஏரி மீனைப் புளிக்குழம்பாகவே வைத்ததில் அனுபவ அறிவு இருக்கிறது. கரியில் சுடும்போது மறைக்க எதுவும் இல்லை. தண்ணீரில் இருந்தது அப்படியே தட்டுக்கு வந்துவிடும்.

இதற்குத் தீர்வு, மீனைச் சுத்தமான தண்ணீரில் சில நாள் பட்டினி போடுவது. சிமென்ட் தொட்டியிலோ தார்ப்பாய்த் தொட்டியிலோ போர்வெல் தண்ணீரை விட்டு, காற்றுக் குழாய் வைத்து, தேவையான அளவு மீனை மட்டும் அதில் விட வேண்டும். தீவனம் கூடாது. தண்ணீரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். வாடை குறைவாக இருந்தால் நான்கைந்து நாளில் போய்விடும். கொழுத்த மீனாக இருந்தால் ஒரு வாரத்துக்கு மேலும் ஆகலாம். மீன் கொஞ்சம் எடை குறையும். அந்த நஷ்டத்தைக் கணக்கில் எழுதிக்கொள்ள வேண்டியதுதான். மீன் விட்டு வெளியேற்றும் தண்ணீர் தென்னைக்குப் போகட்டும். அதில் வீணாக எதுவும் இல்லை.

வாடை போய்விட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? அமெரிக்காவின் மிசிசிப்பியில் கெளுத்தி வளர்க்கும் பண்ணைகளில் ஒரு வழக்கம் இருக்கிறது. குளத்தில் வலை போடும் முன்பு ஒரு மாதிரி மீனை எடுத்து, உப்பு, மசாலா எதுவும் போடாமல் வேகவைத்து, அதற்கென்றே பழகிய ஒருவர் ருசி பார்ப்பார். அவர் சரி என்று சொன்னால்தான் அறுவடை. வாடை இருந்தால் குளம் காத்திருக்கும். இதையே வீட்டிலும் செய்யலாம். வால் பக்கத்துத் துண்டு ஒன்றை வாழை இலையில் மடித்து ஆவியில் வேகவைத்து, இலையைப் பிரித்ததும் மூக்கை அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். வெள்ளிக்கிழமையே இந்தச் சோதனையைச் செய்துவிட்டால், சனிக்கிழமை விருந்தாளி முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளும் நிலை வராது.

விடியற்காலை வேலை

மீன் பிடிக்கும் நாளுக்கு முந்தைய 24 மணி நேரம் தீவனம் நிறுத்தியிருக்க வேண்டும். தொட்டி மீனுக்கு இது தானாகவே நடந்துவிடும். வெயில் வரும் முன்பே பிடித்துவிடுவது நல்லது. ஐஸ் முந்தின நாளே வந்திருக்க வேண்டும். மீன் வந்த பிறகு ஐஸுக்கு ஆள் அனுப்புவதுதான் நாம் எல்லோரும் செய்யும் தப்பு. ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ் என்பது நம் வெயிலுக்கு ஏற்ற கணக்கு. குடிக்கத் தகுந்த தண்ணீரில் செய்த ஐஸாக இருக்க வேண்டும். கட்டி ஐஸை நொறுக்கிப் போட்டால்தான் மீனை எல்லாப் பக்கமும் தொடும்.

மீனின் தலையில், கண்ணுக்குச் சற்று மேலே, கட்டையால் ஒரே அடி. உடனே செவுளுக்கு அடியில் கத்தி வைத்து வெட்டி, ஐஸ் கலந்த தண்ணீரில் தலைகீழாக விட்டால் பத்து, பதினைந்து நிமிடத்தில் ரத்தம் வடிந்துவிடும். ரத்தம் வடிந்த மீனின் சதை வெளுப்பாக, வாடை குறைவாக இருக்கும். அடுத்து செதில் சீவி, குடலையும் செவுளையும் எடுக்க வேண்டும். நடுமுள்ளை ஒட்டி உள்பக்கம் கருஞ்சிவப்பாக ஒரு கோடு இருக்கும். ரத்தம் உறைந்ததுபோல் தெரிவது மீனின் சிறுநீரகம். பலரும் அதை விட்டுவிடுகிறார்கள். விரல் நகத்தாலோ கரண்டிக் காம்பாலோ அதைச் சுரண்டி எடுத்துக் கழுவினால் பாதி வாடை அங்கேயே போய்விடும்.

சுத்தம் செய்த மீனை ஐஸ், மீன், ஐஸ் என்று அடுக்கி, உருகும் தண்ணீர் வடிய அடியில் துளை உள்ள பெட்டியில் வைக்க வேண்டும். வயிற்றுக்குள்ளும் ஒரு கைப்பிடி ஐஸ் போடலாம். இப்படி வைத்த மீனை அன்று மாலையும் சுடலாம், மறுநாளும் சுடலாம், தரம் குறையாது. பிடித்த சில மணி நேரத்தில் மீன் கட்டைபோல விறைத்திருக்கும். அது புதிய மீனின் அடையாளம். அந்த நேரத்தில் துண்டு போட்டால் மட்டும் சதை சுருங்கி, பிளந்துகொள்ளும். விறைப்பு விட்ட பிறகு துண்டு போடலாம்.

எந்த மீன் கரிக்கு ஏற்றது?

இதை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். கட்லா, ரோகு போன்ற கெண்டை இனங்களுக்குச் சதைக்குள்ளேயே பொடி முள் இருக்கிறது. இங்கிலீஷ் ஒய் எழுத்துபோல இரண்டாகப் பிரியும் மெல்லிய முள். நமக்குப் பழக்கம், விரலால் தடவி எடுத்துவிடுவோம். காரில் வரும் குடும்பத்தில் ஒரு குழந்தைக்குத் தொண்டையில் முள் சிக்கினால் அன்றோடு கடை முடிந்தது.

அதற்காகக் கெண்டையைச் சுடவே முடியாது என்று இல்லை. ஈராக்கில் டைக்ரிஸ் ஆற்றங்கரை ஊர்களின் பெருமையான உணவு மஸ்கூஃப். அது சுட்ட கெண்டைதான். பெரிய கெண்டையை முதுகுப்பக்கமாகப் பிளந்து, புத்தகம்போல விரித்து, உப்பு, மஞ்சள், புளி தடவி, விறகுத் தீயைச் சுற்றிக் குச்சிகளில் நிறுத்திவைப்பார்கள். தீ படாமல் அனல் மட்டும் படும்படி நெடுநேரம் வேகும். கடைசியில் தோல் பக்கம் கீழே இருக்க, தணல்மேல் கிடத்தி எடுப்பார்கள். மஞ்சளும் புளியும் என்றதும் நமக்கு அந்நியமாகவே தோன்றவில்லை. அமெரிக்கக் கண்டத்தின் வடமேற்குக் கரையில் வாழும் பூர்வகுடி மக்களும் சால்மனை இப்படித்தான் குச்சியில் செருகித் தீயோரம் நிறுத்திச் சுட்டார்கள். கிரில் சால்மன் என்று மருமகன் சொல்லும் சமையலுக்கு அது ஒரு மூத்த வடிவம்.

முள்ளுக்கு ஒரு வழி இருக்கிறது. பிளந்து விரித்த கெண்டையின் சதைப்பக்கம், அரை சென்டிமீட்டருக்கும் குறைவான இடைவெளியில், தோலை வெட்டாமல், தோல்வரை கத்தியை இறக்கிக் கீற வேண்டும். முதுகுப்பக்கமும் வால்பக்கமும்தான் பொடி முள் அதிகம். அங்கே நெருக்கமாகக் கீறினால் முள் துண்டு துண்டாகி, நன்றாகச் சுட்டபின் வாயில் அவ்வளவாகத் தெரியாது. ஒன்றரை, இரண்டு கிலோ மீனில் இது நன்றாக வரும். சின்னக் கெண்டையில் சதையைவிட முள்தான் மிஞ்சும். அதைக் குழம்புக்கு விட்டுவிடலாம். எப்படிக் கீறினாலும் சிறு பிள்ளைகளுக்கு இந்த மீனைக் கொடுக்கக் கூடாது என்று சொல்லித்தான் பரிமாற வேண்டும்.

அடுத்த சுற்றுக்குக் குஞ்சு விடும்போது யோசிக்க வேண்டியது ஜிலேபியும் விராலும் கொடுவாவும். இவற்றில் பொடி முள் தொல்லை இல்லை. ஜிலேபி என்றால் காட்டுத்தனமாகப் பெருகும் பழைய ரகம் அல்ல, கிஃப்ட் திலேப்பியா. அதை வளர்க்க மீன்வளத் துறையில் பதிவு செய்து அனுமதி பெற வேண்டும். அரை கிலோ மீன் ஒரு தட்டுக்குச் சரியாக இருக்கும். விரால் உயிரோடு விற்பதற்கு ஏற்றது. அதற்கு ஏற்கெனவே நல்ல விலை இருப்பதால், சுட்டு விற்பதில் கூடுதல் லாபம் வருமா என்று கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

சால்மனுக்கு மாற்று என்று ஒரே மீனைச் சொல்லச் சொன்னால் கொடுவா. சதை தடிமன், கொழுப்பு உண்டு, தோல் மொறுமொறுப்பாகச் சுடும். உவர்நீர், நன்னீர் இரண்டிலும் வளரும். சென்னையில் உள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம் (சிபா) 1997-ல் இதன் இனப்பெருக்கத்தைச் செயற்கையாகச் சாதித்த பிறகு, குஞ்சுக்குக் கடலை மட்டும் நம்பியிருக்கும் நிலை மாறியது. ஆனால், இது மற்ற மீனைத் தின்னும் மீன். கெண்டைக் குஞ்சுகளோடு ஒரே குட்டையில் விட்டால் மிச்சம் வைக்காது. தன் இனத்தில் சின்னதையும் விழுங்கும். அளவு வாரியாகப் பிரித்துக்கொண்டே இருக்க வேண்டும். தீவனச் செலவும் கெண்டையைப்போல் பல மடங்கு. முதல் வருடமே குட்டை முழுவதும் கொடுவா விடுவது புத்திசாலித்தனம் இல்லை. ஒரு சின்ன வலைக்கூண்டில் கொஞ்சம் விட்டுக் கைப்பழக்கம் வந்த பிறகு கூட்டிக்கொள்ளலாம்.

கம்பியில் ஒட்டாமல் சுடுவது

வாசகரின் கட்லா கம்பியில் ஒட்டியதற்குக் காரணம் மூன்றில் ஒன்றாக இருக்கும். கம்பி சூடாகவில்லை, மீன் ஈரமாக இருந்தது, அல்லது அவசரப்பட்டுத் திருப்பினார்கள். மூன்றுமேகூட இருக்கலாம்.

கரி எதுவாக இருந்தாலும் தீ அடங்கி, மேலே வெண்சாம்பல் பூத்த பிறகுதான் மீன் போக வேண்டும். வேலிக்கருவேலங்கரி தென்மாவட்டங்களில் தாராளமாகக் கிடைக்கிறது. தோப்பில் கொட்டாங்குச்சி குவிந்து கிடக்கும், அதைக் கரியாக்கிப் போட்டால் அனல் பலமாக இருக்கும். பச்சைக் கொட்டாங்குச்சியை அப்படியே போட்டால் புகையும் கசப்பும்தான் மிஞ்சும். அடுப்பில் தணலை ஒரு பக்கமாக ஒதுக்கி, மறுபக்கத்தைக் காலியாக விட வேண்டும். மீன் கொழுப்பு சொட்டித் தீ பிடித்தால், மீனைக் காலிப்பக்கம் நகர்த்திவிடலாம். கம்பிக்கு ஒரு சாண் மேலே உள்ளங்கையை நீட்டி, நான்கைந்து எண்ணுவதற்குள் கை தாங்காமல் இழுத்துக்கொண்டால் அதுதான் மீனுக்கு ஏற்ற அனல். இரண்டு எண்ணுவதற்குள் இழுத்துக்கொண்டால் அனல் அதிகம். தோல் கருகும், உள்ளே வேகாது.

மீனுக்கு உப்பைச் சுடுவதற்கு இருபது நிமிடம் முன்பு தடவி, விட்ட தண்ணீரைத் துணியால் நன்றாக ஒற்றி எடுக்க வேண்டும். துணி ஈரமாகாத அளவுக்கு ஒற்றினால்தான் தோல் பிடிக்காது. எண்ணெயைக் கம்பிக்கு ஊற்றுவதைவிட மீன்மேல் தடவுவது நல்லது. பழைய கரி ஒட்டிய கம்பியை இரும்புப் பிரஷ்ஷால் தேய்த்து, பத்து நிமிடம் அனலில் காயவிட்டு, தோல் பக்கம் கீழே இருக்கும்படி மீனை வைக்க வேண்டும். வைத்த பிறகு தொடக் கூடாது. சதை சிவந்து மொறுமொறுப்பானதும் கம்பியை அதுவே விட்டுவிடும். தோசை கல்லை விடுவதுபோலத்தான். வேகாத தோசையைச் சுரண்டினால் என்ன ஆகும் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். திருப்புவது ஒரே ஒரு முறை. இரண்டு பக்கமும் மூடிப் பிடிக்கும் கம்பிவலைக் கூடு வாங்கிவிட்டால் ஆள் புதியவராக இருந்தாலும் மீன் உடையாது.

எவ்வளவு நேரம்? தடிமன்தான் கணக்கு. தடித்த இடத்தில் இரண்டரை சென்டிமீட்டர் இருந்தால் இரண்டு பக்கமும் சேர்த்துப் பத்து நிமிடம் என்று தொடங்கலாம். முழு மீன் என்றால் நடுமுள் ஓரமாகக் கத்தி முனையை விட்டுப் பார்க்க வேண்டும். சதை கண்ணாடிபோல் இல்லாமல் வெள்ளையாகி, முள்ளிலிருந்து பிரிந்தால் வெந்துவிட்டது. தெர்மாமீட்டர் இருந்தால் உள்ளே 63 டிகிரி.

மசாலாவில் ஒரு எச்சரிக்கை. எலுமிச்சைச் சாற்றில் மணிக்கணக்கில் ஊறிய மீன், சுடும் முன்பே மேல்சதை வெந்ததுபோல் வெளுத்து, பொடிந்துவிடும். அரை மணி நேரம் போதும். மிளகாய்த்தூள் அப்பிய மீன் தணலில் கருகிக் கசக்கும். மஞ்சள், மிளகு, பூண்டு, கெட்டியான புளிக்கரைசல், கொஞ்சம் எண்ணெய் என்று மெல்லிய பூச்சாக இருந்தால் போதும். மிளகாய் வேண்டும் என்பவர்களுக்குக் கடைசி இரண்டு நிமிடத்தில் விழுதைத் தடவலாம், அல்லது தட்டில் தனியாக வைக்கலாம். மசாலா நிறைய வேண்டும் என்றால் வாழை இலையில் பொதிந்து சுடுவதே மேல். கேரளத்தில் கரிமீனை அப்படித்தான் பொள்ளிக்கிறார்கள். தோப்பில் வாழை இருந்தால் இதற்குத் தனிச் செலவு இல்லை.

உண்மையான சால்மன் துண்டு யாராவது கொண்டுவந்து கொடுத்தாலும் முறை இதுதான். தோலை உரிக்காமல், தோல் பக்கமே முக்கால்வாசி நேரம் வேகவிட வேண்டும். பக்கவாட்டில் வெள்ளையாகக் கட்டி கட்டியாக வந்தால் அது கொழுப்பு அல்ல, சதையிலிருந்து பிதுங்கிய புரதம். அனல் அதிகம் என்று மீன் சொல்கிறது. அதன் கொழுப்பே போதும், எண்ணெய் மிகக் கொஞ்சம் போதும்.

முதலீடு செய்யும் முன்பு

கொட்டகை, மேசை, நாற்காலி என்று இறங்க வேண்டாம். வீச்சு வலையில் பத்து மீன் மட்டும் பிடித்து, தொட்டியில் விட்டு, நான்கு வாரம் சொந்தக்காரர்களுக்கும் தெரிந்தவர்களுக்கும் சுட்டுக் கொடுத்துப் பார்க்கலாம். மீதி மீனை வியாபாரி எப்போதும்போல் எடுத்துப் போகட்டும். விலை வைக்கும்போது ஒன்றை மறக்கக் கூடாது. கெண்டையில் தலை, குடல், செதில், முள் கழித்தால் தின்னும் சதை முழு எடையில் பாதிக்கும் குறைவு. ஐஸ், கரி, எடை குறைந்த பட்டினி நாள்கள், வீட்டுப் பெண்களின் உழைப்பு எல்லாம் அந்தப் பாதிச் சதையின்மேல்தான் ஏறும். பொதுவாக யாரும் கூலியாக எழுதாத அந்தக் கடைசிக் கணக்கை முதலிலேயே எழுதிவிடுவது நல்லது. உணவு விற்க உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவும் தேவை.

கூட்டம் அதிகம் வந்து மீன் போதாமல், ஓடிப்போய்க் கடல் மீன் வாங்கும் நாள் வரலாம். சூரை, கானாங்கெளுத்தி, மத்தி ஆகிய மூன்றும் கரிக்கு ருசியானவை. ஆனால் ஐஸ் இல்லாமல் கிடந்தால் இவற்றின் சதையில் ஹிஸ்டமின் உருவாகும். எவ்வளவு சுட்டாலும் அது அழியாது. தின்றவருக்கு முகம் சிவந்து, தலைவலியும் வாந்தியும் வரும். ஐஸுக்கு வெளியே பலகையில் பரப்பி விற்பவரிடம் இந்த மூன்றையும் வாங்க வேண்டாம்.

“இந்தியன் சால்மன் என்று சொல்லி ஒரு முழு மீனை விற்றார்கள். வெட்டிப் பார்த்தால் சதை வெள்ளையாக இருக்கிறது, கண்ணும் மங்கலாக இருந்தது. ஏமாந்துவிட்டேனா?”

- தாம்பரம் வாசகி

பெயரில் ஏமாற்றம் உண்டு, மீனில் இல்லாமலும் இருக்கலாம். இந்தியன் சால்மன் என்று விற்பது நம் காலா மீன். மும்பையில் ராவஸ் என்பார்கள். சால்மனுக்கும் இதற்கும் எந்த உறவும் இல்லை. மூக்கு வாய்க்கு முன்னால் நீண்டிருக்கும். பக்கத் துடுப்புக்குக் கீழே நூல்போல நான்கு இழை தொங்கும். சதை வெள்ளைதான். சால்மன், ட்ரவுட் இரண்டுக்கும் முதுகில் வால் பக்கமாகச் சதைப்பற்றுள்ள குட்டித் துடுப்பு ஒன்று கூடுதலாக இருக்கும். முழு மீனில் அதைப் பார்த்தே பிரித்துவிடலாம். காலா தன்னளவில் அருமையான மீன். கரியில் சுடவும் நன்றாக இருக்கும். சால்மன் விலை கேட்டால் மட்டும் கொடுக்க வேண்டியதில்லை.

கண் விஷயத்தில் காலா ஒரு விதிவிலக்கு. அதன் கண்ணை மெல்லிய கொழுப்புப் படலம் மூடியிருக்கும். அதனால் பிடித்த உடனேகூடக் கொஞ்சம் மங்கலாகத்தான் தெரியும். மற்ற மீன்களில் கண் உப்பலாக, தெளிவாக இருக்க வேண்டும் என்ற விதியை இதற்குப் பொருத்தினால் நல்ல மீனைக் கழித்துவிடுவோம். செவுளைத் தூக்கிப் பார்க்க வேண்டும், சிவப்பாக, கொழகொழப்பு இல்லாமல் இருக்கிறதா என்று. விரலால் அழுத்தினால் குழி உடனே மேலே வர வேண்டும். வயிறு கட்டியாக இருக்க வேண்டும். மூக்குக்குக் கடல் வாசனை வரலாம், அமோனியா நெடி வரக் கூடாது.

செவுள் வெளுத்திருந்தும் சதை ரப்பர்போல விறைப்பாக, மீன் வாசனையே இல்லாமல் இருந்தால் சந்தேகப்பட வேண்டும். 2018-ல் கேரளத்தில் நடந்த சோதனைகளில் பார்மலின் கலந்த மீன் பிடிபட்டது பலருக்கும் நினைவிருக்கும். கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் (சிஃப்ட்) இதைக் கண்டுபிடிக்கச் சோதனைத்தாள் உருவாக்கியிருக்கிறது. மீன்மேல் தாளைத் தேய்த்து, மருந்து ஒரு சொட்டு விட்டு, நிறம் மாறுகிறதா என்று பார்ப்பது. துண்டு போட்டு பாக்கெட்டில் விற்கும் மீனில் செவுளும் இல்லை, கண்ணும் இல்லை. முழு மீனாகப் பார்த்து வாங்கி, கண்ணெதிரே வெட்டித் தரச் சொல்லி, வீட்டிலிருந்து ஒரு டப்பாவில் ஐஸ் கொண்டுபோய் அதிலேயே எடுத்துவருவது நல்லது. சந்தையிலிருந்து வீடு வரும் ஒரு மணி நேரப் பேருந்து வெயிலிலும் மீன் கெடும்.